ஒரு நாளைக்கு ஒரு கட்டி

மாநகர வரைபடத்தில் வில்லாபுரம் பக்கம் எங்கள் வார்டு
முழுக்க மஞ்சள்.
மஞ்சள் என்றால் வீடு.
கோலம் போடலாம், டியூஷன் எடுக்கலாம்,
மாடியில் வற்றல் காயவைக்கலாம்.
அமோனியா ஓடும் குழாய் இருக்கலாகாது.

இருக்கிறது.
ஜெய்த்தூன் பீவியின் ஐஸ் கம்பெனி
மஞ்சளுக்கு முந்தியது.
வண்ணம் தீட்டியவர்கள்
அந்தத் தகரக் கூரைக்கும் சேர்த்துத் தீட்டிவிட்டு
ஓரத்தில் ஒரு வரி எழுதினார்கள்:
ஏற்கெனவே இருப்பது
இருப்பதுபோலவே இருந்துகொள்ளலாம்.

அந்த 'போலவே'யைத் தூக்கிக்கொண்டுதான்
ஜெராக்ஸ் கடை மாடியில்
பிளான் போட்டுப் பிழைக்கும் என்னிடம் வந்தார்.

கட்டி ஐஸ் யார் தம்பி வாங்குறா?
மீன் கடையெல்லாம் சொந்த மெஷின்.
நன்னாரி சர்பத் வண்டிக்கு வாரம் ரெண்டு,
அதுவும் கடன்.
ஆனா மாட்டுத்தாவணியில
மத்தியானம் விலை விழுந்த மல்லிகையை
மறுநாள் விடியுறவரை மொட்டாவே வச்சிருக்க
இடம் தேடி அலையுறாங்க.
அதே கம்ப்ரஸர். அதே குளிர்.
தண்ணிக்குப் பதிலா பூ.
அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை அக்கா.
தண்ணீரை உறையவைத்தால் தொழிற்சாலை,
பூவை உறங்கவைத்தால் கிடங்கு.
பயன்பாடு மாறிய அன்றே
பழைய உரிமை கழன்றுவிடும்.
அப்புறம் நீங்களும்
இந்த மஞ்சளுக்கு நேற்று வந்தவர்.

சரி, பூட்டிப்போட்டுட்டு யோசிக்கிறேன்.

பூட்டினாலும் போகும்.
சும்மா கிடந்த உரிமையைக்
கைவிட்டது என்று எழுதிவிடுவார்கள்.

கொஞ்ச நேரம்
என் மேஜைமேல் கிடந்த ஸ்கேலையே பார்த்தார்.
இவ்வளவு நாளும் நான் ஐஸ் விக்கிறதா நினைச்சேன்,
ஐஸ் விக்கிற உரிமையத்தான்
வச்சுக் காத்துக்கிட்டு இருக்கேனா?

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கட்டி.
ஒரே ஒரு அச்சில் தண்ணீர்,
மற்ற அச்சுகள் காய்ந்தபடி.
நோட்டில் தேதி, கட்டி ஒன்று, கையொப்பம்.
மின்கட்டண ரசீதுகளை
மாதவாரியாகக் குண்டூசி குத்தி நான் அடுக்கினேன்.
வாங்க ஆளில்லாத கட்டியை
மாலையில் வாசலுக்கு இழுத்துவிடுவார்கள்.
தெரு நாய் ஒன்று வந்து
மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்.

எதிர் அடுக்ககம் மூன்றாம் மாடி சோலைமலை சார்
கம்பெனியைக் காட்டி விலை குறைத்து
ஃப்ளாட் வாங்கியவர்.
குறைந்த விலை வங்கியில் இருக்கிறது,
குறைத்த காரணத்தை
இப்போது அகற்றித் தரும்படி கேட்கிறார்.
வாடை என்று ஒரு மனு,
இரைச்சல் என்று ஒரு மனு,
தொழிலே நடக்கவில்லை, மூடுங்கள் என்று
மூன்றாவதாக ஒன்று.

மூன்றாவதற்குத்தான் ஆய்வுக்கு வந்தார்
வெரோனிகா மேடம்.
கம்ப்ரஸரில் கை வைத்துப் பார்த்தார்.
கட்டியைத் தட்டிப் பார்த்தார்.
குளிர் அறைக் கதவைத் திறந்தவர்
அப்படியே நின்றார்.

வாசனை.

சாக்கெல்லாம் முந்தின இரவே போயிருந்தது;
வாசனையை யார் அள்ளுவது?
நான் தரையைப் பார்த்தேன்.
ஜெய்த்தூன் அக்கா என்னைப் பார்த்தார்.
மேடம் மெதுவாகத் தன் பின்னலைத் தொட்டு
அதில் ஒரு முழம் மல்லிகை இருப்பதை
உறுதிசெய்துகொண்டார்.
கதவைச் சாத்தினார்.
ஏதோ எழுதினார். என்ன எழுதினாரோ,
கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை.

போன வாரம்
வாசல் கட்டி உருகிய ஈரத்தில்
சோலைமலை சாரின் ஸ்கூட்டி சறுக்கியது.
அடி ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு.
மறுநாளே நாலாவது மனு:
'மேற்படி கம்பெனியார் தினந்தோறும் ஐஸ் தயாரித்து
வீதியில் போடுவதால்...'

அக்கா கலங்கிப்போய் நகலை நீட்டினார்.
நான் இரண்டுமுறை வாசித்தேன்.
தினந்தோறும். தயாரித்து.

இதுக்கு மேல் ஒரு ஜெராக்ஸ் எடுத்து
நம் ஃபைலில் வையுங்கள் என்றேன்.
மேலேயே வையுங்கள்.